எரிபொருள் மின்கலமும் ஓர் ஆய்வாளரின் நாற்பது ஆண்டும்



நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறிய பரிசோதனையைச் செய்து காட்டுவது வழக்கம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அதில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. இரு முனையும் சீவிய பென்சில் இரண்டு. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. பென்சில்களின் மேல்முனைகளைக் கம்பியால் பேட்டரியோடு இணைத்துக் கீழ்முனைகளை நீரில் அமிழ்த்தினால், கரிமுனைகளில் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் பிராணவாயு. எந்தப் பக்கம் குமிழ் அதிகம் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். சோடாவுக்குப் பதிலாக உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பிக் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஆசிரிய நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சமயம் இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், கரண்டு கொடுத்துத் தண்ணியப் பிரிச்சோம். பிரிச்சதத் திரும்பச் சேர்த்தா கரண்டு திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டான். நாம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வோல்ட்மீட்டரைப் பொருத்தினோம். ஊசி ஒரு வோல்ட்டுக்கு மேலே ஏறிச் சற்று நேரம் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. "ஏன் சார் நிக்கல?" என்றான் அவன்.

அவன் கேட்ட முதற்கேள்விக்கு விடை கிடைத்து நெடுங்காலமாகிவிட்டது. வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சியில் பிறந்த வில்லியம் குரோவ் என்பவர் 1839இல் அதைச் செய்து காட்டினார். தொழிலால் அவர் வழக்கறிஞர், பிற்காலத்தில் நீதிபதியுமானார். அமிலத்தில் அமிழ்ந்த பிளாட்டினத் தகடுகளின் மேல் இரு வாயுக்களையும் தனித்தனிக் குழாய்களில் நிறுத்தி, அவை கூடும்போது மின்சாரம் பிறப்பதைக் கண்டார். அதை வாயு மின்கலம் என்றார்கள். இன்று நாம் எரிபொருள் மின்கலம் என்கிறோம்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. ஊசி ஏன் நிற்கவில்லை? குமிழ்கள் மேலே போய்க் காற்றில் கலந்துவிட்டன என்பது ஒரு காரணம். பென்சில் கரி அந்த வேலைக்குச் சோம்பேறி என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தோடு தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஓர் ஆய்வாளரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அவர் பெயர் சுப்பிரமணியம் ஸ்ரீநிவாசன். 1932இல் இலங்கையில் பிறந்தவர். அமெரிக்காவில் மின்வேதியியல் ஆய்வாளராக இருந்து 2004இல் மறைந்தார். செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்ட பெயரன்று. எரிபொருள் மின்கலத் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும் நன்கு தெரிந்த பெயர்.

அவருடைய வேலை என்னவென்று புரிய, மின்கலத்தின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. அதன் இரு பக்கமும் கரியும் பிளாட்டினத் துகளும் கலந்த இரண்டு மின்முனைகள். ஒரு பக்கம் ஹைட்ரஜனை விடுகிறோம். அங்கே அதன் அணு இரண்டாகப் பிரிகிறது: எலெக்ட்ரான் ஒன்று, புரோட்டான் ஒன்று. சவ்வு புரோட்டானுக்கு வழி விடும், எலெக்ட்ரானுக்கு விடாது. ஆகவே எலெக்ட்ரான் வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போயாக வேண்டும். அப்படிச் சுற்றிப் போகும் வழியில் விளக்கை எரிக்கிறது, மோட்டாரைச் சுழற்றுகிறது. மறுபக்கத்தில் காற்றிலுள்ள பிராணவாயு, வந்து சேர்ந்த புரோட்டானையும் எலெக்ட்ரானையும் ஏற்று நீராகிறது. புகையில்லை, சாம்பல் இல்லை, ஓடும் உறுப்பு எதுவும் இல்லை.

கணக்குப்படி ஒரு மின்கலம் 1.23 வோல்ட் தர வேண்டும். வேலை வாங்கும்போது கிடைப்பதோ 0.6 அல்லது 0.7 வோல்ட்தான். எஞ்சியது வெப்பமாகிவிடுகிறது. அந்த இழப்பில் பெரும்பங்கு பிராணவாயு பக்கத்தில் நிகழ்வது. ஹைட்ரஜன் பிளாட்டினத்தின் மேல் பட்டதும் பிரிந்துவிடும். பிராணவாயு அப்படியன்று. இறுகக் கட்டிக்கொண்ட அதன் இரண்டு அணுக்களையும் பிரித்து, நான்கு எலெக்ட்ரான்களை ஊட்டி நீராக்க வேண்டும். இந்த வேலை ஹைட்ரஜன் பக்கத்து வேலையைவிட இலட்சக்கணக்கான மடங்கு மெதுவானது.

மெதுவாக நடக்கும் வேதிவினையை விரைவாக்கி, தான் தீர்ந்துபோகாமல் இருக்கும் பொருளைக் கிரியாஊக்கி என்கிறோம். நம் வகுப்பில் இதற்குக் கல்யாணத் தரகரை உதாரணம் சொல்வதுண்டு. தரகர் இரு வீட்டாரையும் கூட்டி வைப்பார். தாலி ஏறியதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நல்ல கிரியாஊக்கியும் அப்படித்தான். பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொண்டால் விட மனம் வராது, வேலை நின்றுபோகும். தொடவே மாட்டேன் என்றால் வேலை தொடங்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தனி உலோகங்களில் மிகச் சிறந்தது பிளாட்டினம். அது கிடைப்பதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. விலையோ நகைக்கடை விலை. எரிபொருள் மின்கலத்தின் தலையெழுத்து இந்த விலையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

ஸ்ரீநிவாசன் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, மேற்படிப்புக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஜான் பாக்ரிஸ் என்ற பேராசிரியர் பெரியதொரு மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். பாக்ரிஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, அங்கேயே கற்பித்துவிட்டு அமெரிக்கா வந்தவர். மின்முனையில் ஹைட்ரஜன் எந்தெந்தப் படிகளில் பிறக்கிறது என்பதை, ஹைட்ரஜனின் கனமான வகைகளைத் துணைகொண்டு ஆராய்வது ஸ்ரீநிவாசனின் தொடக்ககால வேலைகளில் ஒன்று. 1963இல் முனைவர் பட்டம் பெற்றார்.

காலம் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தாமஸ் கிரப், லியனார்ட் நீட்ராக் என்ற இருவர் 1950களில் சவ்வு வைத்த எரிபொருள் மின்கலத்தை உருவாக்கியிருந்தார்கள். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலம் இருவரைச் சுமந்துகொண்டு எட்டு நாள் பூமியைச் சுற்றியபோது, மின்சாரம் தந்தது அத்தகைய மின்கலமே. நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களில் வேறு வகை: இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற பொறியாளர் வளர்த்த, காரத்தில் இயங்கும் மின்கலம். அது தந்த நீரை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். விண்வெளிக்குப் போகிறவர்கள் பிளாட்டினத்தின் விலையைக் கேட்பதில்லை. ஆகவே அந்நாளில் ஆய்வுக்குப் பணமும் தாராளமாக இருந்தது.

அக்காலத்தில் ஸ்ரீநிவாசன் எடுத்துக்கொண்ட ஒரு கேள்வி வெளிப்பார்வைக்குச் சப்பென்று இருக்கும். மின்முனை என்பது துளைகள் நிறைந்த பொருள். பஞ்சு போன்றது. அந்தத் துளைகளுக்குள்ளே வினை எந்த இடத்தில் நடக்கிறது? மேலா, ஆழத்திலா, எல்லா இடத்திலும் சமமாகவா? 1967இல் ஹர்விட்ஸ் என்பவரோடும் பாக்ரிஸோடும் சேர்ந்து அதற்குரிய கணிதச் சமன்பாடுகளை வெளியிட்டார். 1969இல் பாக்ரிஸும் அவரும் எழுதிய 'எரிபொருள் மின்கலங்கள்: அவற்றின் மின்வேதியியல்' என்ற பொருள் தரும் ஆங்கில நூல் வந்தது. அத்துறையின் முதல் பாடநூல்களில் அது ஒன்று.

துளைக்குள்ளே நடப்பதை நம் தோட்டப்புறத்துக் காட்சியாகச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு பிளாட்டினத் துகளை ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்கு மூன்று சாலைகள் வேண்டும். வாயு வரும் சாலை ஒன்று; எலெக்ட்ரான் வரும் சாலை, அதாவது கரி, மற்றொன்று; புரோட்டான் வரும் சாலை மூன்றாவது. மூன்றும் கூடும் முச்சந்தியில் கடை இருந்தால் வியாபாரம் நடக்கும். ஒரு சாலை இல்லாவிட்டாலும் கதவு திறந்திருக்குமே தவிர, வாங்க ஆள் வராது. விலை உயர்ந்த பிளாட்டினத்தை வாங்கி, காட்டுக்குள்ளே கடை வைத்த மாதிரி ஆகிவிடும். குரோவே தம் காலத்தில், வாயுவும் திரவமும் பிளாட்டினமும் சந்திக்கும் பரப்பு பெரிதாக வேண்டும் என்று கண்டிருந்தார். கண்டாரே ஒழிய, அதைப் பெரிதாக்கும் வழி அவருக்குக் கிட்டவில்லை.

பென்சில்வேனியாவுக்குப் பிறகு ஸ்ரீநிவாசன் போன இடம் நமக்கு வியப்பாக இருந்தது. நியூயார்க் புரூக்ளினில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி. ஃபிலிப் சாயர் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, இரத்தம் உறைவதன் மின்வேதியியலை ஆராய்ந்தார். இரத்தக் குழாயின் உட்சுவர் இயல்பாகவே எதிர்மின்னூட்டம் கொண்டது. உடலுக்குள் வைக்கும் உலோகத்தின் மின்னழுத்தத்தைப் பொறுத்து அதன் மேல் இரத்தம் உறையவோ உறையாமலிருக்கவோ செய்கிறது என்பது அவர்கள் ஆராய்ந்த பொருள். மின்கலம் எங்கே, இரத்தக் குழாய் எங்கே என்று தோன்றும். ஆனால் ஒரு பரப்பும் ஒரு திரவமும் சந்திக்கும் எல்லையில் மின்னூட்டம் என்ன செய்கிறது என்பதுதானே இரண்டிலும் கேள்வி? கைத்தொழில் தெரிந்தவன் எந்த ஊரிலும் பிழைப்பான் என்பார்கள் நம் பெரியவர்கள்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலுக்கு மாற்று வேண்டும் என்று அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. ஹைட்ரஜனை அடிப்படையாகக் கொண்ட பொருளாதாரம் பற்றிப் பாக்ரிஸ் ஏற்கெனவே பேசிவந்தார். ஸ்ரீநிவாசன் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் வேலை. நம் வகுப்புப் பரிசோதனையின் முதற்பாதி என்று சொல்லலாம். 1980களின் தொடக்கத்தில் நியூ மெக்சிகோவிலுள்ள லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இரண்டாம் உலகப்போரின்போது அணுகுண்டு உருவான இடம் அது. அங்கே, வாகனங்களுக்கு ஏற்ற எரிபொருள் மின்கலத்தை உருவாக்க ஒரு குழு அமைந்திருந்தது.

அவர்கள் முன்னே இருந்த சிக்கலை நாம் கரும்பலகைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சவ்வு மின்கலத்தில் அப்போது ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனைக்கு 4 மில்லிகிராம் பிளாட்டினம் வைத்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 8 மில்லிகிராம். ஒரு காருக்கு 50 கிலோவாட் வேண்டும் என்றும், ஒரு சதுர சென்டிமீட்டரில் அரை வாட் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு ஒரு இலட்சம் சதுர சென்டிமீட்டர். பிளாட்டினம் 800 கிராம். பவுன் கணக்கில் நூறு பவுன். மகளுக்குப் பத்துப் பவுன் போடவே திணறும் குடும்பங்களிடம், நூறு பவுன் எடையுள்ள பிளாட்டினத்தை வண்டிக்குள் வைத்து ஓட்டுங்கள் என்றால் நடக்கிற காரியமா?

இதற்கிடையில், பாஸ்பாரிக் அமிலத்தில் இயங்கும் வேறொரு வகை மின்கலத்துக்காகச் செய்த மின்முனைகள் சந்தையில் கிடைத்தன. அவற்றில் பிளாட்டினம் மிக நுண்ணிய துகள்களாகக் கரிப்பொடியின் மேல் ஒட்டியிருக்கும். அளவு பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிகிராம். அமிலம் திரவமாதலால் தானே துளைகளுக்குள் ஊறிப்போய் எல்லாத் துகளையும் நனைத்துவிடும். முச்சந்தி தானாக அமைந்துவிடும். அந்த மின்முனையைச் சவ்வில் ஒட்டிப் பார்த்தால் பலன் குறைவாக இருந்தது. சவ்வு திடப்பொருள் அல்லவா? அது எங்கும் ஊறாது. சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும் துகள்கள் மட்டும் வேலை செய்தன. உள்ளே இருந்தவற்றுக்குப் புரோட்டான் சாலை இல்லை.

இயன் ரெயிஸ்ட்ரிக் என்ற ஆய்வாளர் அதே கூடத்தில் ஒரு வழி கண்டார். சவ்வு எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருளை மதுசாரத்தில் கரைத்து, மின்முனையின் மேல் பூசினார். மதுசாரம் உலர்ந்துபோக, உள்ளே ஒரு மெல்லிய படலம் துகள்களைச் சுற்றித் தங்கியது. அவ்வளவுதான். காட்டுக்குள் இருந்த கடைகளுக்குச் சாலை போட்டுக் கொடுத்தார். இந்தக் கண்டுபிடிப்புக்கு 1989இல் காப்புரிமை வழங்கப்பட்டது. கேட்கும்போது, இதைச் செய்ய ஏன் இத்தனை ஆண்டு என்று தோன்றுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைதானே என்றுகூட நினைக்கலாம். ஆனால் எதைப் பூசுவது, எவ்வளவு பூசுவது என்று தெரிந்த பிறகுதான் அது சுண்ணாம்பு வேலை. அதிகம் பூசினால் வாயு வரும் சாலை அடைபட்டுவிடும்.

ஸ்ரீநிவாசனின் குழு அதை எடுத்துக்கொண்டு மேலே போனது. பிரேசில் நாட்டிலிருந்து வந்திருந்த எட்சன் டிசியனெல்லி என்ற இளைஞர் இதில் முக்கியமானவர். பூசிய மின்முனையையும் சவ்வையும் எந்த வெப்பத்தில் எந்த அழுத்தத்தில் சேர்த்து அமுக்குவது, வாயுவை எவ்வளவு ஈரப்படுத்துவது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு துளைக் கணக்கு கைகொடுத்தது. அதிக மின்னோட்டம் ஓடும்போது வினை பெரும்பாலும் சவ்வை ஒட்டிய மெல்லிய பகுதியில்தான் நடக்கிறது. அப்படியானால் பிளாட்டினத்தை ஆழம் முழுவதும் தூவுவானேன்? கரியில் பிளாட்டினத்தின் விகிதத்தை நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தினார்கள். அதே எடைப் பிளாட்டினம் பாதிக் கனத்துக்குள் அடங்கியது. சவ்வை ஒட்டிய முகப்பில் மட்டும் 50 நானோமீட்டர் கனத்துக்குப் பிளாட்டினத்தைப் படிய வைத்தும் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறின் கனம் அது. 1988இல் முடிவுகள் வெளிவந்தன. 4 மில்லிகிராம் கொடுத்த வேலையை, பத்தில் ஒரு பங்கு பிளாட்டினம் கொடுத்தது.

நம் கணக்கில் நூறு பவுன் பத்துப் பவுனாயிற்று. புதிதாக ஓர் உலோகத்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த உலோகத்தைச் சரியான இடத்தில் உட்கார வைத்தார்கள். 1992இல் அதே லாஸ் அலமோஸில் மேலன் வில்சனும் ஷிம்ஷன் காட்டஸ்ஃபெல்டும் கிரியாஊக்கியையும் சவ்வுக் கரைசலையும் முன்கூட்டியே மை போலக் கலந்து மெல்லிய படலமாக்கி, 0.12 மில்லிகிராம் அளவுக்கு இறக்கினார்கள். அது மூன்று பவுன் கணக்கு. கனடாவின் வன்கூவர் பகுதியில் பல்லார்ட் நிறுவனம் 1993இல் சவ்வு மின்கலத்தில் ஓடும் பேருந்தைக் காட்டியது.

இந்த வெற்றிக்குப் பிறகும் அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. 1980களின் இறுதியில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பழைய ஆசிரியர் பாக்ரிஸும் ஆஸ்திரேலியாவில் சில ஆண்டு இருந்துவிட்டு அங்கேதான் வந்து சேர்ந்திருந்தார். 1989இல் சாதாரண அறை வெப்பத்திலேயே அணுக்கருச் சேர்க்கை நிகழ்ந்துவிட்டது என்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மின்வேதியியலாளர் இருவர் அறிவித்து உலகையே பரபரப்பாக்கியபோது, டெக்சஸிலும் பலர் அதைச் சோதித்தார்கள். ஸ்ரீநிவாசன் இருந்த மையமும் அதில் இறங்கியது. முதலில் எதிர்பாராத வெப்பம் தெரிவதாகவும் அறிவித்தது. அந்த அறிவிப்புகளை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. பாக்ரிஸ் அந்தப் பாதையிலே வெகுதூரம் போய்ப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். ஸ்ரீநிவாசனோ பிளாட்டினத்துக்கே திரும்பிவிட்டார். இதை மறைத்துவிட்டு வாழ்க்கை வரலாறு சொல்வது முறையன்று என்பதால் சொல்கிறோம்.

டெக்சஸில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி அடுத்த படி. பிளாட்டினத்தோடு மலிவான உலோகத்தைக் கலந்தால் என்ன? குரோமியம், கோபால்ட், நிக்கல் போன்றவற்றைக் கலந்தால் பிராணவாயு வினை இரண்டு மூன்று மடங்கு விரைவாவது தெரிந்திருந்தது. ஏன் என்பதில்தான் கருத்து வேற்றுமை. அவரிடம் ஆய்வு செய்த சஞ்சீவ் முகர்ஜி முதலியோர், புரூக்ஹேவனின் ஜேம்ஸ் மெக்பிரீனோடு சேர்ந்து, வேலை செய்துகொண்டிருக்கும் மின்முனைக்குள்ளேயே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். சிறிய அணுக்கள் இடையில் புகுந்ததால் பிளாட்டின அணுக்கள் ஒன்றையொன்று சற்று நெருங்கியிருந்தன. அவற்றின் எலெக்ட்ரான் அமைப்பும் சற்று மாறியிருந்தது. அதனால் நீரிலிருந்து வரும் துணுக்குகள் பரப்பில் ஒட்டி இடத்தை அடைத்துக்கொள்வது குறைந்தது. தரகர் வீட்டுத் திண்ணையில் வேண்டாத விருந்தாளிகள் குறைந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் இது வெளியாயிற்று. 2014 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரின் மின்கலத்தில் இருந்தது பிளாட்டினமும் கோபால்ட்டும் கலந்த கிரியாஊக்கி.

கடைசியாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே நூறு பாகை செல்சியஸுக்கு மேலும் உலர்ந்துபோகாத சவ்வைத் தேடினார்கள். சூடு அதிகமாக இருந்தால், ஹைட்ரஜனில் கலந்துவரும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தைப் பிடித்து முடக்குவது குறையும். பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே அந்த நஞ்சு மின்கலத்தின் வேலையைக் கெடுக்கும். ஸ்ரீநிவாசன் 2004இல் காலமானார். அவர் எழுதிவந்த பெரிய பாடநூல் 2006இல் வெளிவந்தது.

ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆறு வாசல் ஏறியவர் என்று அவரைச் சொல்லலாம். நம் தோட்டப்புறத்துப் பெற்றோர், பிள்ளை அறிவியல் படிக்கிறேன் என்றால், "படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அவர்கள் நிலைமை அப்படி. ஓர் ஆய்வாளனின் வேலையைச் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: பணம் எந்தத் துறைக்கு வருகிறதோ அங்கே இடம் மாற வேண்டும், வருகிற மாணவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், 1967இல் எழுதிய சமன்பாடு 1988இல் பயன்படும் என்று காத்திருக்கவும் தெரிய வேண்டும். டிசியனெல்லி பிரேசில் திரும்பிச் சாவ் கார்லோஸ் நகரில் பேராசிரியரானார். முகர்ஜி பாஸ்டனில் பேராசிரியரானார். அவர்களிடம் படித்தவர்கள் வேறு எங்கெங்கோ இருப்பார்கள்.

இனி நம் சொந்தக் கதை ஒன்று. 2003இல் நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தோம். அமெரிக்க அதிபர் அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை அறிவித்திருந்தார். அதைப் படித்த உற்சாகத்தில் மாதிரிப் பாடத்துக்கு ஒரு சுவர்ப்படம் எழுதினோம்: '2015க்குள் சாலையெங்கும் ஹைட்ரஜன் வண்டி.' விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு, "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. 2015 வந்தது, போயிற்று. சாலையில் பெருகியது பேட்டரியில் ஓடும் கார். பிளாட்டினத்தின் விலை மட்டும் தடையாக இருக்கவில்லை. ஹைட்ரஜனை எடுத்துச் செல்வதும், ஊருக்கு ஊர் நிரப்பும் நிலையம் அமைப்பதும், துகள்கள் நாளடைவில் கரைந்து திரண்டு சோர்ந்துபோவதும் தடைகளே. தவிரவும், உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்றும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதில் கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது. புகையில்லை என்று மேலே நாம் சொன்னது மின்கலத்தைப் பற்றி மட்டுமே.

ஆனாலும் நீண்ட தூரம் ஓடும் கனரக வண்டி, பேருந்து, கிடங்குகளில் பாரம் தூக்கும் வண்டி ஆகியவற்றில் இந்த மின்கலம் இடம் பிடித்திருக்கிறது. நம் நாட்டில் சரவாக் மாநில அரசு 2019இல் கூச்சிங்கில் ஹைட்ரஜன் பேருந்துகளை அறிமுகப்படுத்தியது. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிபொருள் மின்கலத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் இருக்கிறது. அந்தச் சுவர்ப்படத்தை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். ஆண்டை மட்டும் அடித்துவிட்டோம். வேறு ஆண்டு எதையும் எழுதவில்லை.

பரிசோதனையைச் செய்து பார்க்க விரும்பும் மாணவ நேயர்கள் ஆசிரியரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். குவளையை மூடாதீர்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பேட்டரியை ஐந்து நிமிடம் இணைத்துவைத்துப் பிறகு கழற்றிவிட்டு, வோல்ட்மீட்டரின் ஊசி அரை வோல்ட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பென்சில் முனைகளை மணல்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா, வேறுபடுகின்றனவா என்பதை உங்கள் குறிப்பேட்டில் எழுதி, ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.